பிறைக் கணக்கில் நாலு நாள்

இன்று மதியம் ளுஹர் தொழுதுவிட்டு, சுவரில் கிடந்த கலண்டரைக் கழற்றினேன். ஆணியும் கையோடு வந்தது. கூடவே ஒரு கைப்பிடி சாந்தும் உதிர்ந்தது. அந்த ஆணியை நீங்கள் அடிக்கும்போதே சொன்னேன், "இஞ்சருங்க, அந்த இடத்தில சுவர் ஈரம், அடிக்காதீங்க" என்று. சொன்னால் கேட்கிற ஆளா நீங்கள்? கதிரையில் ஏறி நின்று நாலு அடி அடித்துவிட்டு, "நாம மவுத்தாகும் மட்டும் நிக்கும் புள்ள" என்றீர்கள். வாயில் நல்ல வார்த்தை வராத மனுஷன். ஆணி நீங்கள் சொன்னபடியே நின்றது. உங்களுக்குப் பிறகும் நாலு மாதம் கூடவே நின்றது.

கல்முனை இரும்புக் கடையில் வருடா வருடம் கொடுக்கிற கலண்டர்தான். மாதத்துக்கு ஒரு தாள். கட்டத்துக்குள் கறுப்பில் பெரிதாக இங்கிலிஷ் திகதி, மூலையில் பச்சையில் கடுகளவாகப் பிறைத் திகதி. நீங்கள் போன நாளிலிருந்து அந்தக் கறுப்பு இலக்கங்களை நீலப் பேனையால் ஒவ்வொன்றாக வெட்டிக்கொண்டு வந்தேன். பச்சை இலக்கம் ஒன்று இருப்பதையே நான் பார்க்கவில்லை. அதைப் பார்க்காமல் விட்டதால் நடந்ததைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன். நியமனம் வந்த பிறகு எழுதட்டும் என்று நீங்கள் வாங்கி வைத்த பாடக் குறிப்புக் கொப்பியில் எழுதுகிறேன். முதல் பாடம் உங்களுக்கு. கேட்டுக்கொண்டு சும்மா இருங்கள், இடையில் பகிடி விடவேண்டாம்.

இன்று பொழுதுபடும் மஃரிபோடு என் இத்தா முடிகிறது. புருஷன் மவுத்தானால் பெண் நாலு மாதமும் பத்து நாளும் வெளிவாசல் தாண்டாமல் இருக்கிற அந்தக் காலத்தை உங்களுக்காக இருந்து முடிக்கிறேன். நாளைக்கு விடியச் சுபஹுக்கு முந்தி, கூடப்பிறந்த மூத்தவர் காக்கா வந்து என்னைக் கல்முனை டிப்போவுக்குக் கூட்டிப்போவார். பதுளையையும் தாண்டி மலையில் ஒரு பாடசாலை. ஆறாம் வகுப்பிலிருந்து புவியியல். நான் அங்கே டீச்சர். ஓம், பொய் டீச்சர் இல்லை, அரசாங்க முத்திரை குத்திய டீச்சர்.

இந்த வீடும் இன்றோடு எனக்கில்லை. நம் ஊர் வழக்கம் உங்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? வீடு பெண்பிள்ளைக்கு. மாப்பிள்ளைதான் வந்து ஏறுவார். உம்மா எனக்கென்று எழுதித் தந்த இந்த வீட்டுக்கு நீங்கள் ஒரு சூட்கேசும் ஒரு பெட்டி பேக்கரிப் பணிசுமாக வந்து ஏறினீர்கள். இப்போது தங்கச்சிக்கு மாப்பிள்ளை சரிவந்திருக்கிறது. அவளுக்கென்று தொடங்கிய வீடு அத்திவாரத்தோடு நிற்கிறது. உம்மாவும் வாப்பாவும் இல்லாத குடும்பத்தில் எல்லாம் காக்காவின் தலையில்தான். நியமனம் வந்த புதிதில் ஒரு நாள் அறை வாசலில் உட்கார்ந்து, "நீ மலைக்குப் போறாய்தானே. வீடு சும்மா பூட்டிக் கிடக்கிறத விட..." என்று தொடங்கியவர் முடிக்கமாட்டாமல் இருமினார். நானே முடித்துவைத்தேன். "அவளுக்கே எழுதிக் குடுங்க காக்கா" என்றேன். பிள்ளை குட்டி இல்லாதவளுக்கு எதற்கு மூன்று அறை? நாளன்றைக்கு மேசன் வந்து சுவர் சுரண்டப் போகிறான். கதவுக்குப் பின்னால் நீங்கள் சட்டை கொழுவுகிற இடத்தில் சுவரில் எண்ணெய்க் கறை ஒன்று இருக்கிறதே, அதையும் சுரண்டிவிடுவான். அந்த இடத்தில் கொஞ்சம் பூச்சை விட்டுவிடச் சொல்லலாமா என்று யோசித்தேன். கலியாண வீட்டில் அப்படிச் சொன்னால் எனக்குப் பைத்தியம் என்பார்கள். சொல்லவில்லை.

உங்கள் பேர் தெரிந்தவர்கள் ஊரில் குறைவு. "பாண்கார ஓட்டோ" என்றால் மருதமுனையிலிருந்து நற்பிட்டிமுனை வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். காலையில் பேக்கரிக்குப் போய்ச் சுடச்சுடப் பாணும் மீன் வைத்த மாலுபணிசும் ஏற்றிக்கொண்டு, அந்த ஒரே பாட்டை ஒலிக்கவிட்டபடி ஒழுங்கை ஒழுங்கையாகப் போவீர்கள். அந்தப் பாட்டைக் கேட்டாலே எனக்குத் தலையிடி. உங்களுக்கு அது காதில் விழுவதே இல்லை என்பீர்கள். பாண் வாங்க வருகிற பெண்களிடம் நீங்கள் விற்ற பாணைவிட விட்ட கதைதான் அதிகம். அதில் பெரிய கதை நான்.

"எங்கட வீட்டுல டீச்சர்" என்று சொல்லித் திரிந்தீர்கள்.

நான் அப்போது என்ன டீச்சர்? ஒலுவில் வளாகத்தில் பட்டம் முடித்து, வேலையில்லாப் பட்டதாரி என்ற பட்டத்தோடு வீட்டில் கிடந்தவள். நியமனம் இந்த வருடம் வரும், அடுத்த தேர்தல் முடிய வரும், பெயர்ப் பட்டியல் வந்துவிட்டது, பட்டியலை நிறுத்திவிட்டார்கள். இப்படியே ஏழு வருடம். நீங்கள் என்னைக் கலியாணம் முடித்ததே அதற்கு நடுவில்தான். பெண் பார்க்க வந்த அன்றே காக்கா ஒளிக்காமல் சொன்னார், "படிச்சிருக்கா, ஆனா தொழில் இல்ல" என்று. நீங்கள் சொன்னீர்களாம், "நான் படிக்கல்ல, ஆனா தொழில் இருக்கு. ரெண்டும் சேந்தா சரிதானே காக்கா." அதைக் கேட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தேன். சிரித்தது உங்களுக்குக் கேட்டுவிட்டது என்று பிறகு சொன்னீர்கள்.

போட்டிப் பரீட்சைக்குப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? "பஸ்ஸில போறன்" என்று நான் சொல்லச் சொல்ல, பாண் இறக்கிய கையோடு ஓட்டோவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினீர்கள். பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் விற்காத பணிஸ். எனக்கு மடியில் கொப்பி, அபாயா முழுக்கச் சீனித் தூள். பரீட்சை மண்டப வாசலில் நூறு பேர் நிற்கிறார்கள், நீங்கள் பாட்டை நிறுத்த மறந்துபோனீர்கள். பாட்டோடு போய் நின்றோம். நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்க, "டீச்சர் இறங்குறா, வழி விடுங்க!" என்று ஒரு கத்துக் கத்தினீர்களே. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. உள்ளே பக்கத்து மேசைப் பிள்ளை குனிந்து, "ராத்தா, நீங்க பாணா விக்கிற?" என்று கேட்டாள். அந்தப் பரீட்சையில்தான் நான் பாஸ்.

அதன்பிறகு வீட்டுக்குள்ளும் எனக்கு அந்தப் பேர்தான். "டீச்சர், தேத்தண்ணி கிடைக்குமா?" "டீச்சர், கறிக்கு உப்புக் காணாது, எனக்கு மார்க்ஸ் குறைச்சிராதீங்க." கோபம் வந்தால் மட்டும் "புள்ள". மற்ற நேரமெல்லாம் டீச்சரும் வாங்க போங்கவும். காலையில் போகும்போது வாசலில் நின்று, "டீச்சர், கதவப் பூட்டிக்கங்க" என்பீர்கள். ஒரு நாள் தவறியதில்லை. தவறிய ஒரு நாளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இப்போது சொன்னால் இந்தக் கொப்பியை மூடிவிடுவேன்.

உங்கள் கடைசிக் காலையை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னதுதான் தெரியும். நற்பிட்டிமுனையில், வயலுக்குத் திரும்புகிற ஒழுங்கை முனையில், ஓட்டோவை ஓரங்கட்டி நிறுத்தியிருக்கிறீர்கள். ஹேண்டிலில் நெற்றியை வைத்துப் படுத்திருக்கிறீர்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. யாருக்கோ காத்து நிற்கிறார் என்று நினைத்து ஆட்கள் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஒரு பெண் பாண் வாங்க வந்து, "இரண்டு றாத்தல் தாங்க" என்று கேட்டு, திரும்பவும் கேட்டு, மூன்றாம் தரம் தோளைத் தொட்டிருக்கிறாள். கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போதே எல்லாம் முடிந்திருந்தது. அதற்கு முந்திய வாரம் முழுக்க நெஞ்சைத் தடவிக்கொண்டு திரிந்தீர்கள். "டொக்டரிட்டக் காட்டுங்க" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன். "அது வாயு. ரெண்டு ஏப்பம் விட்டாச் சரி" என்றீர்கள். பின்னேரம் அஸருக்குப் பிறகு ஜனாஸாவை எடுத்தார்கள். தலைமாட்டில் அடையாளத்துக்கு ஒரு மீசான் தடி, கால்மாட்டில் ஒன்று, பக்கத்தில் ஒரு வேப்பங்கன்று என்று காக்கா வந்து சொன்னார். அடக்கம் பண்ணுகிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. உங்கள் கபுறை நான் அவர் வாயால்தான் பார்த்திருக்கிறேன்.

அந்த இரவே எனக்கு வெள்ளை உடுப்பைப் போட்டு உள்ளறையில் இருத்தினார்கள். யாஸீன் ஓத வந்த பெண்களில் பாதிப் பேரை எனக்குத் தெரியாது. உங்கள் ஒழுங்கைகளிலிருந்து வந்தவர்கள். ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்து, "அல்லாஹ் உங்களுக்குப் பொறுமையைத் தரட்டும் டீச்சர்" என்றாள். டீச்சர், டீச்சர், டீச்சர். காதைப் பொத்திக்கொள்ள வேண்டும்போல இருந்தது. எழும்பிப் போவதற்கும் எனக்கு இடமில்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஒரு கிழமை அந்தப் பாட்டு ஒழுங்கைக்கு வரவில்லை. எட்டாம் நாள் காலையில் வந்தது. பேக்கரிக்காரர்கள் வேறொரு ஆளைப் போட்டுவிட்டார்கள், ஓட்டோ அதேதான். வழக்கமாக நீங்கள் நம் வாசலில் ஒரு வினாடி பிரேக் பிடித்து நிறுத்தி எடுப்பீர்கள். அந்த ஆளுக்கு நிறுத்த என்ன இருக்கிறது, நேரே போய்விட்டார். தலையிடி என்று நான் திட்டிய பாட்டு, ஒழுங்கை முனையில் கேட்காமல் போகும் வரைக்கும் நான் மூச்சு விடவில்லை. அன்றைக்குத்தான் எனக்கு நன்றாக விளங்கியது, நீங்கள் வரமாட்டீர்கள் என்று. அதுவரைக்கும் எங்கோ ஒரு மூலையில் நான் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மூன்றாம் மாதம் பதிவுத் தபால் வந்தது. தபால்காரரின் முன்னால் நான் போக முடியாது. தங்கச்சி அவருடைய புத்தகத்தை உள்ளே கொண்டுவர, நான் திரைக்குள் இருந்து கையெழுத்து வைத்தேன். நியமனம். ஏழு வருடம் வராத கடிதம், நான் வாசலுக்குக்கூட வர முடியாத நேரம் பார்த்து வந்தது. படித்துவிட்டு, "இஞ்சருங்க, வந்திட்டு!" என்று கூப்பிட்டேன். கூப்பிட்டது உங்களைத்தான். தங்கச்சி அழத் தொடங்கிவிட்டாள்.

கடிதத்தில், வருகிற ஜனவரி இரண்டாம் திகதிக்குள் நேரில் வந்து கடமையேற்க வேண்டும், தவறினால் நியமனம் தானாக ரத்தாகும் என்று போட்டிருந்தது. கலண்டரைப் பார்த்தோம். காக்கா எண்ணினார், தங்கச்சி எண்ணினாள், நான் நாலு தரம் எண்ணினேன். நாலு மாதமும் பத்து நாளும் முடிவது மூன்றாம் திகதி மஃரிபுக்கு. ஒரு நாள். ஏழு வருடத்தில் ஒரே ஒரு நாள் இடிக்கிறது.

காக்கா அரசாங்கக் கந்தோர் கந்தோராக அலைந்தார். வந்து சொன்ன கதையைக் கேட்டால் நீங்கள் விழுந்து விழுந்து சிரித்திருப்பீர்கள். ஒரு கிளாக் மிகவும் மரியாதையாக விளங்கப்படுத்தினாராம்: "முஸ்லிம் உத்தியோகத்தர்களுக்கு இத்தா லீவு இருக்கு சேர். உங்கட சகோதரி வந்து கடமையேத்திட்டா, அடுத்த நிமிசமே லீவு எழுதலாம்." லீவு வேண்டுமென்றால் உத்தியோகத்தராக இருக்க வேண்டும். உத்தியோகத்தராக வேண்டுமென்றால் இத்தாவை விட்டு வெளியே வர வேண்டும். பள்ளி மௌலவியிடமும் கேட்டார். அவசியத்துக்குப் பகலில் போகலாம், இரவு தன் வீட்டில் தங்க வேண்டும் என்றாராம். பதுளைக்கும் அப்பால் மாரி மழையில் போய், கையெழுத்து வைத்து, பொழுதுபட முந்தித் திரும்பி வர நான் என்ன பறவையா?

"ஒரு நாள்தானே, போயிருவம்" என்று காக்கா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ தெரியாது. "அவருக்கு நான் குடுக்க இனி வேற என்ன கிடக்கு காக்கா? இந்த நாள்தானே கிடக்கு. அதிலயும் ஒண்டக் குறைக்கச் சொல்றீங்களா?" என்று கத்தினேன். அவர் எழும்பிப் போனார். அன்றிலிருந்து நியமனக் கடிதத்தைக் குர்ஆன் வைக்கிற தட்டின் கீழ்த்தட்டில் போட்டுவிட்டேன். போனால் போகட்டும். நீங்கள் இல்லாத இடத்தில் எனக்கு வேலை எதற்கு, சம்பளம் எதற்கு, மலை எதற்கு? வீட்டைத் தருவதாக வாக்குக் கொடுத்தாயிற்று, வேலையும் போகிறது, போக இடமும் இல்லை. தங்கச்சி வீட்டில் சமையலறைப் பக்கம் ஒரு பாயை விரித்துக்கொண்டு கிடப்பேன் என்று கணக்குப் போட்டேன். சொல்லப்போனால், அந்தக் கணக்குப் போட்ட பிறகுதான் எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்தது.

போன கிழமை மாமி வந்தார். உங்களைப் பெற்றவர். அடை மழை. குடையும் இல்லாமல், முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மருதமுனையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். தலையைத் துவட்டக்கூட விடவில்லை. "காக்காவக் கூப்பிடு" என்றார். காக்கா வந்து அறை வாசலில் உட்கார்ந்தார்.

"எந்தக் கணக்கில எண்ணுறீங்க?" என்று கேட்டார் மாமி.

"நாலு மாசம், பத்து நாள். கலண்டர்ல அடிச்சு வச்சிருக்கம் மாமி" என்றார் காக்கா.

"கலண்டரா? அட, படிச்ச ஆக்களே! இத்தாவுக்குப் பிறைக் கணக்கெல்லோ. எண்ட மகன் மவுத்தான அண்டைக்குப் பிறை ஒண்டு. நான் மாசா மாசம் முத்தத்தில நிண்டு பிறை பாத்து எண்ணிக்கொண்டு வாறன். ரெண்டு மாசம் இருபத்தொன்பதில முடிஞ்சிட்டு. அவளுக்கு முப்பதாந் திகதி மஃரிபோட தவணை முடியுது. கிடந்து அழுது கொண்டிருக்கிறீங்க!"

காக்கா உடனே மௌலவிக்குக் கோல் எடுத்தார். "ஓம், பிறைக் கணக்குத்தான், உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்" என்றாராம். தங்கச்சி ஓடிப்போய்க் கலண்டரைத் திருப்பிப் பார்த்தாள். எல்லாக் கட்டத்திலும் மூலையில் பச்சையாக அது பாட்டுக்கு இருந்திருக்கிறது. நோன்புக்குப் பிறை பார்க்கிறோம், பெருநாளுக்குப் பிறை பார்க்கிறோம். இதற்கு மட்டும் மூன்று பேரும் கடைக் கலண்டரில் கறுப்பு இலக்கத்தை எண்ணியிருக்கிறோம். சந்திரன் பூமியைச் சுற்றி வர எத்தனை நாள் என்று படம் கீறிப் புள்ளி வாங்கியவள் நான். இந்த அழகில் நான் மலையில் பிள்ளைகளுக்குப் புவியியல் சொல்லிக் கொடுக்கப் போகிறேன்.

வீடே கலகலப்பானது. காக்கா "அல்ஹம்துலில்லாஹ்" என்று கையை முகத்தில் தடவிக்கொண்டார். தங்கச்சி தேத்தண்ணி ஊற்ற ஓடினாள். நான் மட்டும் மாமியைப் பார்த்து, "எண்ட நாலு நாளையும் ஏன் மாமி எடுத்தீங்க?" என்று கேட்டேன்.

கேட்டது பிழை. கேட்ட பிறகுதான் என் காதிலும் விழுந்தது. வேலைக்கு ஒரே ஒரு நாள் இடிக்கிறதே என்று நொந்தவள், நாலு நாள் குறைந்தது என்றதும் களவு கொடுத்தவளாகக் குந்தியிருக்கிறேன். மூன்றாம் திகதி வரைக்கும் நான் உங்கள் பெண்சாதி என்று நினைத்திருந்தேன். இந்த அறைக்குள், இந்த வெள்ளை உடுப்புக்குள், உங்கள் பேரில் ஒரு வேலை எனக்கு இருந்தது. அதை விட்டு நாலு நாள் முந்தியே எழும்பு என்கிறார்கள்.

மாமி கோபிக்கவில்லை. ஈர முந்தானையைப் பிழிந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: "மகள், பெண்சாதிக்கு நாலு மாசம் பத்து நாள். பெத்தவளுக்கு மூண்டு நாள்தான் சொல்லியிருக்கு. நாலாம் நாள் நான் எழும்பி உலை வச்சன். உனக்கு முடியிற நாள் எண்டு ஒண்டு கிடக்கு. எனக்கு அதுவும் இல்ல."

அந்த மழையில், முற்றத்தில் நின்று, மாதா மாதம் மேகத்துக்குள் பிறை தேடியவர் அவர்தான். எனக்காக எண்ணினாரா, தனக்காக எண்ணினாரா என்று நான் கேட்கவில்லை. போகும்போது என் தலையில் கையை வைத்து, "போ மகள். அவன் ஊரெல்லாம் சொல்லிப்போட்டுப் போயிட்டான். அத நீ பொய்யாக்கிப் போடாத" என்றார். அதற்குத்தான் போகிறேன். ஆசையில் போகவில்லை. உங்கள் உம்மா கேட்டதால் போகிறேன்.

இந்த நாலைந்து நாளாகப் பெட்டி கட்டுகிறேன். என்னுடையது என்று பார்த்தால் இரண்டு காட்போட் பெட்டியும் ஒரு பையும்தான். மலையில் குளிர் கடுமையாம். உங்கள் சாம்பல் நிறச் சுவெட்டரை எடுத்து வைத்தேன். பேக்கரிக்கு விடியப் போகும்போது போடுவீர்களே, அதுதான். கழுவவில்லை. கழுவாமல் வைத்திருந்தும் இப்போது அதில் அலுமாரி மணம்தான் அடிக்கிறது. உங்கள் சாரன் மூன்றும் சட்டைகளும் பள்ளிவாசலுக்குக் கொடுத்தாயிற்று. யாரோ ஒருவர் உங்கள் நீலக் கோடு போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு கல்முனை பஸாரில் நடப்பார். நல்லவேளை, நான் அப்போது இங்கே இருக்கமாட்டேன்.

தங்கச்சி சற்று முந்தி வந்து வாசலில் தயங்கி நின்றாள். "ராத்தா, இந்த அறைய அப்படியே உங்களுக்கு வைக்கட்டா?" என்றாள். "புது மாப்பிள்ளை வாற வீட்டில மவுத்து அறை எதுக்குகா? போய் வேலையப் பாரு" என்று விரட்டினேன். அவள் முகம் வாடிவிட்டது. என் வாய் எப்போதும் இப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும். இந்த வாயைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. மஃரிபுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் கிடக்கிறது. அதற்குள் சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் மவுத்தானதற்கு முந்திய நாள் அஸர் நேரம் நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு உம்மா தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாரே. பிள்ளையின் கையில் கொப்பி, அவர் கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "டீச்சர், இவள் ஒண்டும் படிக்கிறாள் இல்ல, கொஞ்சம் பாருங்க. எந்த ஸ்கூல்ல படிப்பிக்கிறீங்க?" என்று கேட்டார். நான் டீச்சர் இல்லை என்று சொல்ல வேண்டியதாகிவிட்டது. அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "உங்கட மனுஷன்தானே சொன்னார்" என்றார். நான் குறுகிப்போய் நின்றேன். அந்தப் பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. வாழைப்பழத்தைத் திருப்பிக் கொண்டுபோகவும் முடியாமல், தரவும் முடியாமல் அந்த உம்மா பட்ட பாடு. கடைசியில் வாசல் படியில் வைத்துவிட்டுப் போனார்.

நீங்கள் வந்து செருப்பைக் கழற்ற முந்தியே தொடங்கிவிட்டேன். "ஏழு வருசமா ஊர் என்னப் பாத்துச் சிரிக்கிறது காணாதா? நீங்களும் சேந்து சிரிக்கிறீங்களா? இல்லாத வேலையச் சொல்லிச் சொல்லி என்னைக் கேவலப்படுத்துறீங்க. இனி அந்தப் பேரால என்னைக் கூப்பிடாதீங்க. உங்கட வாயால அந்தச் சொல் வரப்படாது." இன்னும் சொன்னேன். இங்கே எழுதமாட்டேன்.

வாழைப்பழத்தில் ஒன்றை உரித்தீர்கள். பாதியைச் சாப்பிட்டுவிட்டு, "சரி" என்றீர்கள். "நான் பெருமைக்குத்தான் சொன்னன். அது உனக்கு நோகும் எண்டு தெரியா."

அடுத்த நாள் காலையில் வாசலில் நின்று என் பேரைச் சொன்னீர்கள். பேரைச் சொல்லி, "கதவப் பூட்டு" என்றீர்கள். நான் கோபத்தோடு படுத்துக் கிடந்தேன். எழும்பி வரவில்லை. என் பேர் உங்கள் வாயில் எவ்வளவு பழக்கமில்லாமல் வந்தது என்பதுகூட அப்போது எனக்கு உறைக்கவில்லை. ஓட்டோ போய்விட்டது.

வெளியே பள்ளியில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்க்கிற சத்தம் கேட்கிறது. பாங்கு சொல்லப் போகிறார்கள். வெள்ளை உடுப்பைக் கழற்றி மடித்து வைக்க வேண்டும். காக்கா நாலு மணிக்கே வந்து கதவைத் தட்டுவார். பள்ளிக்கூடம் திறந்ததும் ஒரு வகுப்பறைக்குள் போவேன். முன்பின் தெரியாத பிள்ளைகள் எழும்பி நின்று அந்தப் பேரால் என்னைக் கூப்பிடும். இனிச் சாகும் வரைக்கும் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு தரமும் நான் திரும்பிப் பார்ப்பேன்.

ஈரச் சுவரில் ஆணி அடிக்காதீங்க என்றேன், அடித்தீர்கள். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறையுங்க என்றேன், இன்னும் ஒரு கரண்டி அள்ளிப் போட்டீர்கள். நெஞ்சைக் கொண்டுபோய்க் காட்டுங்க என்றேன், வாயு என்றீர்கள். கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் சொன்ன ஒரு சொல்லைக் கேட்டதில்லை நீங்கள்.

டீச்சர் என்று கூப்பிடாதீங்க என்றேன். அதை மட்டும் கேட்டுவிட்டீர்கள்.